படித்துறைக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

தாமிரபரணிக் கரையைக் காக்க ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம் என்ற கேள்வியோடு பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. கல்மண்டபப் பராமரிப்பு, நீர்ப் பரிசோதனை, தொல்லியல், கரையோர மரங்கள் ஆகியவற்றில் அனுபவமுள்ளவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

எங்கள் ஊர்ப் படித்துறைக் கல்மண்டபம் பாழடைந்து கிடக்கிறது. கூரையில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. இளைஞர்கள் நாற்பது பேர் தயாராக இருக்கிறோம். சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்து, தூண்களுக்கு இடையே கம்பிக் கதவு போட்டுவிடலாமா? (வாசகர், சேரன்மகாதேவி)

மூன்றுமே வேண்டாம். கம்பிக் கதவுதான் மூன்றிலும் மோசம். ஆற்றோர மண்டபம் இத்தனை வெள்ளத்துக்கும் நிற்பதற்குக் காரணம், தூண்களுக்கு நடுவே தண்ணீர் தடையில்லாமல் போவதுதான். கதவோ சுவரோ வைத்தால், அடித்துவரும் கிளையும் அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) அதில் அடைத்துக்கொள்ளும். வெள்ளத்தின் முழு வேகமும் தூண்மேல் விழும். 2023 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று திரும்ப வந்தால் கதவோடு தூணும் போய்விடும். திருநெல்வேலியில் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாருங்கள். பெருவெள்ளம் வந்தால் உற்சவரைக் கரைமேல் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோயில் மூழ்கும், வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை நடக்கும். ஆற்றோடு சண்டை போடாத கட்டுமானம் அது.

அடுத்தது சிமென்ட். பழைய மண்டபத்தின் கூரையில் கற்பலகைக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்த தளம் இருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் அது சீக்கிரமே மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பில் இறங்கிய தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் கீழே கற்பலகை இடுக்கில் கசியும். உப்பு வெள்ளையாகப் பூத்து, செதுக்கிய முகம் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். பிறகு சிமென்ட்டைக் கொத்தி எடுக்கும்போது கல்லின் விளிம்பும் சேர்ந்து வரும். பெயின்ட்டும் வெள்ளையடிப்பும் கல்வெட்டு எழுத்தின் பள்ளத்தை அடைத்துவிடும். எழுத்து இருக்கிறது என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போகும்.

என்ன செய்யலாம்? முதலில் மண்டபம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லி அ-பதிவேட்டையும் (நிலம் யார் பெயரில் என்று காட்டுவது) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பாருங்கள். கோயில் பெயரில் இருந்தால் அறநிலையத்துறை. அங்கே வல்லுநர் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது, நகர்த்தவும் கூடாது. ஆற்றுப் புறம்போக்கு என்றிருந்தால் நீர்வளத்துறையின் தாமிரபரணி வடிநிலக் கோட்டச் செயற்பொறியாளர். கட்டளைக்கோ (அறக்கொடை) குடும்பத்துக்கோ உரியதாக இருந்தால் அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதம். பெரும்பாலான குழுக்கள் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகின்றன. ஆனால் இந்தத் தாள் கையில் இல்லாமல் நல்ல எண்ணத்தோடு செய்த வேலையும் சட்டப்படி சேதப்படுத்தியதாகவே கணக்காகும்.

அனுமதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நான்கு முகமும், ஒவ்வொரு தூணும், கூரையின் அடிப்பக்கமும் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் தெரியட்டும். கல்வெட்டை உச்சி வெயிலில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. காலை ஏழு மணிச் சாய்வெயிலில் எடுத்தால் எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, மாவு தடவுவது எதுவும் வேண்டாம். விழுந்து கிடக்கும் கற்களை அடுக்கி அழகு பார்க்காதீர்கள். எந்தக் கல் எங்கே விழுந்தது என்பதுதான் அது எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி. கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்து எண் கொடுங்கள்.

சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் தேங்காய்நார் அல்லது நைலான் பிரஷும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், மணல் வீச்சு, அழுத்தமாகப் பீய்ச்சும் பம்பு எல்லாமே கல்லின் மேல்தோலை உரித்துவிடும். அரசங்கன்று விரல் பருமனுக்குள் இருந்தால் மழை பெய்த மறுநாள் வேரோடு மெதுவாக இழுத்துவிடலாம். அதைவிடப் பெருத்திருந்தால் இழுக்காதீர்கள். வேர் இரண்டு கல்லையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். கல் மட்டத்தில் அறுத்துவிட்டு, மாதம் ஒருமுறை வந்து புதுத் துளிரைக் கிள்ளுங்கள். இலை இல்லாத வேர் நாளடைவில் செத்துவிடும். நாற்பது பேரும் ஒருநாள் வந்து போவதைவிட, மாதம் இரண்டு பேர் தவறாமல் வருவது இங்கே பெரிய உதவி.

இடுக்கு அடைப்பதும் தளம் போடுவதும் ஸ்தபதி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். அவர் சுண்ணாம்பை நீர்த்து, குறைந்தது 15 நாள் தண்ணீருக்கு அடியில் ஊறப்போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சரியாக நீறாத சுண்ணாம்புக் கட்டி சுவருக்குள் போனபின் உப்பி வெடிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல் என்பது பொதுக் கணக்கு. ஈரம் நிற்கும் படிக்கட்டுப் பகுதிக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் செங்கல் தூள் சேர்த்தால் நன்றாக இறுகும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் எவ்வளவு என்பதை அவர் சின்ன மாதிரி போட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும். பூசியபின் இரண்டு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைக்க வேண்டும். சாக்கு நனைப்பதுதான் எல்லோரும் மறக்கிற வேலை. அதற்கு ஆள் போடுங்கள். தை, மாசி இதற்கு ஏற்ற காலம். பங்குனிக்குப் பிறகு வெயிலில் சட்டென்று காய்ந்து பொரிந்துவிடும்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று துணிகளை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கள் குழு ஒருநாள் அள்ளினால், அடுத்த அமாவாசைக்குள் திரும்பவும் அதே நிலைமை. (கல்லூரி மாணவி, விக்கிரமசிங்கபுரம்)

அள்ளுவது பாதி வேலைதான். ஆனால் அந்தப் பாதியையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும், ஏனென்றால் அதில் ஆபத்து இருக்கிறது. ஒரு சேலை ஐந்தரை மீட்டர். பாறை இடுக்கில் ஒரு முனை மாட்டி, மறுமுனை ஓட்டத்தில் ஆடும். அதன்மேல் இன்னொன்று, பிறகு மணல். பாலியெஸ்டர் மக்காது. மூழ்கி எடுப்பவர் காலில் சுற்றினால் பழகிய நீச்சல்காரருக்கும் கஷ்டம்தான்.

ஜூன் மாதம் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன், சித்திரை வைகாசியில் வேலையை வையுங்கள். அன்று அணையிலிருந்து எவ்வளவு விடுகிறார்கள் என்பதைப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இரண்டிரண்டு பேராக வேலை செய்ய வேண்டும். துணியைக் கையில் சுற்றி இழுக்கக் கூடாது. துரட்டியால் கொக்கி போட்டு, வராவிட்டால் அரிவாளால் அறுத்துத் துண்டு துண்டாக எடுங்கள். செருப்பு வழுக்கும், உடைந்த கண்ணாடி குத்தும். கேன்வாஸ் ஷூ போடுங்கள். எடுத்த துணியைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போட்டோ எடுத்து முடிப்பதுதான் வழக்கமான தவறு. ஒரு மழைக்கு அத்தனையும் திரும்ப ஆற்றுக்குள் போய்விடும். நகராட்சி வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதை முடிவு செய்த பிறகு வேலைக்குத் தேதி குறியுங்கள். ஈரத்துணி பல மடங்கு கனக்கும்; கரைமேட்டில் அரைநாள் உலர்த்தி ஏற்றினால் வண்டி நடை குறையும்.

மறுபாதிக்கு வருவோம். தடுப்புப் பலகை பலன் தராது. வருகிறவர் குற்றம் செய்வதாக நினைத்து வரவில்லை. உடுத்திய துணியை விட்டுவிட்டால் பாவம் போகும் என்று நம்பி வருகிறார். அந்த நம்பிக்கையோடு வாதாடாமல், துணி விழும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். கம்பிக்கூண்டைத் திரும்பிப் போகும் வழியில் வைத்தால் காலியாகவே கிடக்கும். குளித்து ஏறும் கடைசிப் படியில், கை எட்டும் தூரத்தில் வைத்தால் நிரம்பும். பரிகாரம் செய்துவைக்கும் புரோகிதர் "இதில் போடுங்கள், போதும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பலகைக்குச் சமம். ஆகவே முதல் கூட்டத்துக்கு அவர்களை அழையுங்கள். கூண்டு நிரம்பி வழிந்தால் மறுபடி ஆற்றில்தான் போடுவார்கள். அமாவாசை நாளில் காலை, மதியம் இரண்டு முறையாவது காலி செய்ய ஆள் வேண்டும்.

சாக்கடை ஆற்றில் கலக்கிறது. தண்ணீரை நாங்களே பரிசோதித்து ஆதாரம் காட்ட முடியுமா? (வாசகர், திருநெல்வேலி டவுன்)

முடியும். ஆனால் ஒரு பாட்டில் தண்ணீர் எதையும் நிரூபிக்காது. குறைந்தது மூன்று இடம் எடுங்கள்: சாக்கடை சேருமிடத்துக்கு மேலே, சாக்கடை வாயில், நன்றாகக் கலந்தபின் நூறு மீட்டர் கீழே தள்ளி. மூன்றும் ஒரே நாள், ஒரே மணிக்குள். மேலே நன்றாக இருந்து கீழே கெட்டிருந்தால்தான் அந்த வாய்க்கால்மேல் விரல் நீட்ட முடியும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். கிருமிப் பரிசோதனைக்குரிய பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் கொண்டுபோனால் முடிவு செல்லாது. மூடியின் உட்பக்கத்தைத் தொடாமல், வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, மேல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிரப்புங்கள். கொஞ்சம் காற்று இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். கரைந்த ஆக்சிஜன் பார்ப்பதானால் அதற்குத் தனிப் பாட்டில். அதில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது, மருந்தும் கரையிலேயே சேர்க்க வேண்டும். கனமழைக்கு மறுநாள் எடுத்தால் எல்லா இடமும் கெட்டதாகவே காட்டும். அந்த அறிக்கையை எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும்.

குளிக்கத் தகுந்த ஆற்று நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு இது: மலக்கழிவுக் கிருமி 100 மில்லிக்கு 500-க்குள் இருப்பது நல்லது, 2500-ஐத் தாண்டக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் அறிக்கையில் இந்த எண்களைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் மனுவைப் படிப்பவருக்கு ஒப்பிட நேரம் இருக்காது.

மனு மூன்று இடத்துக்குப் போகட்டும்: மாநகராட்சி ஆணையர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியர். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். "இந்த வார்டின் கழிவுநீர் எந்தப் புள்ளியில் வெளியேறுகிறது என்று காட்டும் வரைபடத்தின் நகல் வேண்டும்; சுத்திகரிப்பு நிலையத்தின் கடந்த 12 மாதப் பரிசோதனை அறிக்கைகளின் நகல் வேண்டும்" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை தலைதூக்கி ஆறு மாதத்துக்குள் போவது நல்லது. காலக்கெடுவைக் காட்டியே பல மனுக்கள் தள்ளுபடியாகின்றன.

கரையில் மரக்கன்று நட ஆசை. என்ன மரம்? ஆற்றில் மண்டிய செடிகளையும் அழித்துவிடலாமா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

இந்த ஆற்றுக்குரிய மரம் மருது. கால் நனைந்தாலும் நிற்கும். அதோடு நாவல், புங்கை, இலுப்பை, நீர்க்கடம்பு. அரசும் ஆலும் படித்துறையிலிருந்து தள்ளியே இருக்கட்டும். மற்ற மரங்களுக்கும் பத்து மீட்டர் விடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி குழி, மரத்துக்கு மரம் இருபதடி. கன்று நாலடிக்குக் குறைந்தால் ஆட்டுக்குத்தான் போகும். சுற்றிலும் முள் அடையுங்கள். புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி மழை வேர் பிடிக்க வைக்கும். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று எண்ணி, அந்த அளவுக்கு மட்டும் நடுங்கள். வாய்க்கால் என்றால் ஒரு கரையைத் தூர்வாரும் எந்திரத்துக்கு விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை உங்கள் மரத்தைத்தான் முதலில் சாய்ப்பார்கள்.

செடிகளில் அமலையை மட்டும் எடுங்கள். அணைக்கட்டுகளுக்கு மேலே தண்ணீர் தேங்கும் இடத்தில் அது பாய்போல் விரிந்திருக்கும். வேரோடு எடுத்து, வெள்ளம் எட்டாத தூரத்தில் கொட்டுங்கள். ஒரு துண்டு விழுந்தாலும் தழைக்கும். சாக்கடை வரும்வரை அதற்கு உரமும் வந்துகொண்டேதான் இருக்கும். நாணலையும் கோரையையும் தொடாதீர்கள். கரை அரிக்காமல் பிடிப்பது அதுதான், நீர்நாய் ஒதுங்குவதும் அதற்குள்தான். சுத்தம் என்ற பெயரில் நாணலுக்குத் தீ வைப்பது இந்தக் கரையில் அடிக்கடி நடக்கும் அநியாயம்.

ஆற்றோரம் தோண்டும்போது பெரிய பானையும் கறுப்பு சிவப்பு ஓடுகளும் வந்தன. வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறோம். (வாசகர், ஸ்ரீவைகுண்டம் வட்டம்)

பத்திரம் என்று நினைத்து எடுத்ததில்தான் பாதித் தகவல் போய்விட்டது. இனி எதையும் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் மண்ணோடு இருந்த நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் கி.மு. 1155 என்ற காலம் கிடைத்தது. அந்தத் தாழியை யாராவது கவிழ்த்துத் துலக்கி மாடத்தில் வைத்திருந்தால் வெறும் பானைதான் மிஞ்சியிருக்கும்.

எடுத்த இடத்தை ஆழத்தோடு குறியுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், குழியை ஈரமண்ணால் லேசாக மூடுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தாசில்தாருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் சொல்லுங்கள். பூமியில் புதைந்து கிடைத்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. நிலம் பறிபோய்விடுமோ என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். ஒரு பானை கிடைத்ததற்காக யாரும் நிலத்தை எடுத்துக்கொள்வதில்லை. ஆதிச்சநல்லூர் போல அறிவிக்கப்பட்ட இடத்தைச் சுற்றித்தான் 100 மீட்டருக்குக் கட்டடத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றுக் கட்டும் விதியும் உண்டு.

பிள்ளைகள் ஆற்றில் நீச்சல் பழக வேண்டும் என்று ஆசை. பயமாகவும் இருக்கிறது. (வாசகி, பாளையங்கோட்டை)

அணைக்கட்டுக்குக் கீழே மட்டும் கூடவே கூடாது. தண்ணீர் வழிந்து விழும் இடத்தில் அடியில் சுழன்று திரும்ப அணைக்கட்டை நோக்கியே இழுக்கும். மிதப்பவரை வெளியே விடாது. மேலே பார்த்தால் வெறும் நுரை. மணல் அள்ளிய குழி இரண்டாவது எமன்: முழங்கால் ஆழத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் ஆள் ஆழம். புதிய இடமென்றால் பெரியவர் ஒருவர் கம்போடு முதலில் நடந்து பார்க்கட்டும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகு மிதந்து வந்தாலோ மேலே மழை அல்லது அணைத் திறப்பு. உடனே ஏறிவிட வேண்டும்.

ஊர்க்குழு செய்யக்கூடியது எளிது. படித்துறையில் இருபது மீட்டர் நைலான் கயிறும், மூடி இறுக்கிய இருபது லிட்டர் காலிக் கேனும் எல்லோருக்கும் தெரிய மாட்டிவையுங்கள். முழுகுபவரைப் பிடிக்கக் குதித்தவரும் சேர்ந்து போவதுதான் நாம் அடிக்கடி படிக்கும் செய்தி. கேனைக் கயிற்றில் கட்டி வீசினால் யாரும் இறங்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை பையன்களை வீசிப் பழகச் சொல்லுங்கள். படியில் பாசி வழுக்கினால் நார் பிரஷ் போட்டுத் தேயுங்கள். பிளீச்சிங் பவுடர் கொட்டினால் மீன் மிதக்கும்.

மணல் அள்ளுவதைத் தடுக்கச் சாதாரண மக்களால் முடியுமா? (வாசகர், முறப்பநாடு)

முடிந்திருக்கிறது. 2010-இல் மூத்த தலைவர் நல்லகண்ணு வழக்குப் போட்டுத் தாமே வாதாடி, தாமிரபரணியில் ஐந்தாண்டுக்கு மணல் அள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை வாங்கினார். மணல் போனால் படித்துறையின் அடித்தளம் அந்தரத்தில் நிற்கும். குடிநீர் உறைகிணறும் வற்றும். இரவில் லாரியை மறிக்கப் போகாதீர்கள். வண்டி எண், நேரம், இடம், எந்தப் பாதையில் ஏறுகிறது என்பதைக் குறித்து, மறுநாள் குழியை அளந்து படத்தோடு ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். புகாரில் ஒரே ஒருவர் பெயர் மட்டும் வேண்டாம். இருபது கையெழுத்து இருக்கட்டும்.

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஆற்றில் இறங்க முடியாது. வேறு என்ன செய்யலாம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி)

பறவை எண்ணுங்கள். மணிமுத்தாற்றில் உள்ள, ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம் 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறது. புதியவர்களை அனுபவசாலிகளோடு சேர்த்து அனுப்புவார்கள். பயிற்சிக்குத் திருப்புடைமருதூர் வரை போய்வாருங்கள். கோயிலையொட்டிய மரங்களில் கூடு கட்டும் பறவைகளை ஊர்க்காரர்களே காத்துவந்ததால், 2005-இல் அரசு அந்த இடத்தைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. காலை ஆறரைக்குள் போய்விட வேண்டும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். கூட்டமாக இருந்தால் பத்துப் பத்தாக எண்ணுங்கள். பறந்து வந்து அமர்வதை மறுபடி சேர்க்காதீர்கள். பைனாகுலர் எட்டுக்கு நாற்பத்திரண்டு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். அதற்கு மேல் பெரிதாக்கும் கண்ணாடி கை நடுக்கத்தில் ஆடும்.